மிதக்கும் பொன்னும் சாவா மூவாப் பேராடும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்னும் விளையாட்டில் எந்தப் பேரரசும் ஓர் ஆட்டைக் கொன்றே தொடங்குகிறது. ஆட்டக்காரர் கையில் முதலில் இருப்பவை 200 உணவு, 200 மரம், 100 பொன், 200 கல். உடன் மூன்று குடியானவர்கள், வழி தேட ஒரு குதிரைவீரன், நடுவில் ஓர் ஊர்மையம். சுற்றுவட்டத்தில் வழக்கமாக எட்டு ஆடுகள் கிடைக்கும். ஒவ்வோர் ஆடும் 100 உணவு தரும். வெட்டிய ஆட்டை விரைந்து எடுக்காவிட்டால் இறைச்சி கெட்டு, எண்ணிக்கை தானாகக் குறைந்துகொண்டே போகும். எனவே ஒன்றை முடித்த பின்னரே அடுத்ததில் கைவைக்க வேண்டும் என்பது புதிதாக வருவோர்க்குச் சொல்லப்படும் முதற்பாடம். சில நிமிடங்களில் எட்டும் தீரும். பிறகு பழப்புதர், மான், காட்டுப்பன்றி. அவையும் தீர்ந்தபின் வயல்.

நான் ஆராய்பவை வேறு ஆடுகள். சோழர்காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அணையாது எரிய வேண்டுமென்றால் கொடையாளர் பெரும்பாலும் எண்ணெய்க்குப் பணம் தருவதில்லை. 90 அல்லது 96 ஆடுகளை விடுவார். அவை ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடுகள். ஓர் ஆடு செத்தால் குட்டிகளிலிருந்து ஒன்று அதன் இடத்தில் நிற்கும். கணக்கில் எண்ணிக்கை மாறாது. முதல் அழியாமல் நிற்க, அதன் விளைவில் விளக்கு எரியும்.

ஈஜிபுராவில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் வீட்டில், பகலில் நான் எழுதுவது சாகாத ஆடுகளைப் பற்றி. இரவு பத்து மணிக்குமேல் நால்வரும் சேர்ந்து கொல்வது சாகும் ஆடுகளை. ஆய்வேட்டின் நடுவே விளையாட்டா என்று கேட்ட நண்பர்களுக்கு மறுமொழி சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, விளையாட்டின் நிதிநிருவாகத்தைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்லத் தோன்றியது. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

விளையாட்டின் நிதிநிருவாகம் ஒரே விதியில் அடங்கும்: கையில் எதுவும் தங்கக் கூடாது. ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவும் 25 நொடியும் ஆகும். அவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 அலகு உணவோ மரமோ பொன்னோ கொண்டுவருவார். இரண்டரை நிமிடத்தில் போட்ட முதல் திரும்பிவிடுகிறது; அதன்பின் அவர் சாகும்வரை வருவதெல்லாம் இலாபம். இப்படியொரு முதலீட்டை எந்த வங்கியும் தராது. ஆதலால் ஊர்மையம் 25 நொடி சும்மா இருந்தாலும் அது இழப்பு. திரையின் மேற்பட்டியில் 1,000 உணவும் 800 மரமும் நிற்கிறது என்றால் அந்த ஆட்டக்காரர் செல்வர் என்று பொருளல்ல. அவருக்கு நிருவாகம் தெரியவில்லை என்று பொருள். இந்நிலையைப் ‘பொருள் மிதக்கிறது’ என்பார்கள். எங்கள் வீட்டில் நள்ளிரவில் கேட்கும் வசவுகளில் மிகக் கடுமையானது, ‘உனக்குப் பொன் மிதக்குதுடா’ என்பதுதான்.

இவ்விதி ஓரிடத்தில் தன்னைத்தானே முரண்படுகிறது. விளையாட்டில் ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்கு ஏற விலை உண்டு. முதல் ஏற்றத்துக்கு 500 உணவு. அடுத்ததற்கு 800 உணவும் 200 பொன்னும். கடைசிப் பேரரசு யுகத்துக்கு 1,000 உணவும் 800 பொன்னும். செலவழித்துக்கொண்டே இருந்தால் இத்தொகை சேராது. சேர்ப்பதற்காகச் செலவை நிறுத்தினால் குடிகள் பெருகமாட்டார்கள். குடிகள் பெருகாவிட்டால் யுகம் ஏறியபின் கையில் ஒன்றும் இராது. தேர்ந்த ஆட்டக்காரரின் திறமை வாளிலோ அம்பிலோ இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, பத்து நொடி முன்பின் ஆகாமல், வரவும் செலவும் சந்திக்கும் இடத்தைக் கணிப்பதில் இருக்கிறது. என் வகுப்புத்தோழி ஒருத்தி பொருளியலில் ஆய்வு செய்கிறாள். அவள் இதைக் கேட்டுவிட்டு, ‘இருப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இளங்கலை மாணவர்க்கு விளக்க நான் மூன்று வகுப்புகள் எடுக்கிறேன், உங்களுக்கு ஓர் ஆட்டம் போதுமா’ என்றாள்.

சந்தையும் உண்டு. மிஞ்சிய உணவை விற்றுப் பொன் வாங்கலாம். 100 உணவின் தொடக்க விலை 100 பொன். ஆனால் சந்தை 30 விழுக்காடு தரகு எடுத்துக்கொள்வதால் விற்றால் 70 பொன்தான் வரும். வாங்கினால் 130 கொடுக்க வேண்டும். விற்க விற்க விலை மூன்று மூன்றாக இறங்கும். அவசரத்தில் விற்பவர் அடிமாட்டு விலைக்கு விற்கிறார் என்னும் ஊரறிந்த உண்மையை 1999இல் வெளிவந்த ஒரு விளையாட்டு இவ்வளவு நறுக்காகச் சொல்லியிருப்பது வியப்புதான். நிலத்தடியில் உள்ள பொன்னும் அளவுடையது. அது தீர்ந்தபின் பொன் தேவைப்படாத ஈட்டிக்காரர்களையும் எறிவேலர்களையும் வைத்தே போரிட வேண்டும். ஆட்டக்காரர்கள் இவர்களைக் ‘குப்பைப் படை’ என்பார்கள். அந்தச் சொல்லை நான் இன்றுவரை பயன்படுத்தியதில்லை.

கைப்பேசியில் ஆடப்படும் பேரரசு விளையாட்டுகள் வேறு வகை. 2012இல் வந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் அவற்றுள் பெயர்பெற்றது. அங்கே கோட்டை மேம்பட நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாதவர் மெய்யான பணம் கொடுத்து மணிகள் வாங்கிக் காத்திருப்பைக் கழித்துக்கொள்ளலாம். அதாவது அங்கு விற்கப்படுவது பொன்னோ படையோ அன்று, காலம். இதைக் கேவலம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. காலத்தை விலைக்கு வாங்குவது ஈஜிபுராவில் வேறொரு வடிவில் மாதந்தோறும் நடப்பதைக் காண்கிறேன்.

அதற்குமுன் தஞ்சாவூர்.

1010இல் நிறைவுற்ற இராசராசேசுவரத்துக்கு அரசனும் அரசகுடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த பொன்னும் காசும் எங்கே போயின என்று கல்வெட்டுகளில் தேடினால், பெரும்பங்கு கோயிலுக்குள் தங்கவில்லை என்பது தெரியும். அவை சோழநாட்டு ஊர்ச்சபைகளிடமும் வணிகரிடமும் வட்டிக்கு விடப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் பன்னிரண்டரை விழுக்காடு. வட்டி எப்போதும் காசாகவே வரவேண்டும் என்பதில்லை. நெல்லாக வரும், வாழைப்பழமாக, ஏலரிசியாக, செண்பக மொட்டாக வரும். ஜார்ஜ் ஸ்பென்சர் 1968இல் எழுதிய கட்டுரை இந்தக் கடன்வலையையும் ஆடுகளின் பகிர்வையும் சேர்த்தே ஆராய்கிறது. அக்கட்டுரையைப் படித்த அன்றிரவு விளையாட அமர்ந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பொன்னை மிதக்கவிடக் கூடாது என்பது இராசராசனின் அதிகாரிகளுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அவர்கள் அதைச் செலவழிக்கவில்லை, கடனாகக் கொடுத்தார்கள்.

விளையாட்டில் இல்லாத சொல் அது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் கடன் இல்லை. 49 உணவு இருந்தால் குடியானவர் பிறக்கமாட்டார். ஓர் அலகை நாளை தருகிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. வட்டி இல்லை, தவணை இல்லை, பிணை இல்லை, நிலுவை இல்லை. மேற்பட்டியில் காணும் நான்கு எண்களும் முழுக்க முழுக்க ஆட்டக்காரருடையவை. அவற்றில் ஒரு துளிகூடப் பிறர்க்குரியதன்று. குறள் 385 அரசின் பொருட்பணியை நான்காகப் பிரிக்கிறது: பொருள் வரும் வழியை உண்டாக்குவது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததைப் பகிர்வது. முதல் மூன்றும் விளையாட்டில் அழகாக அமைந்திருக்கின்றன. நான்காவது ஏறத்தாழ இல்லை. குடியானவர்கள் வெட்டிய மரம் அவர்களுக்கு ஒருபோதும் திரும்புவதில்லை.

2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் என்னும் நாகரிகமும் இராசேந்திர சோழன் பெயரில் ஒரு போர்த்தொடரும் சேர்க்கப்பட்டன. திராவிடர்க்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசமாகக் கிடைக்கும். எங்கள் வீட்டில் இது சிலநாள் பெருமையாகப் பேசப்பட்டது. இராசேந்திரனாக ஆடும்போது பொருள் திரட்டி, கப்பல் கட்டி, வென்று முடித்தால் போதும். ஆனால் ஆய்வுலகில் இராசேந்திரன் காலத்துப் படையெடுப்புகளைப் பற்றிய வாதம் வேறு. அதே ஸ்பென்சர் 1976இல் சோழரின் இலங்கைப் போர்களைக் கொள்ளையின் அரசியல் என்னும் நோக்கில் விளக்கினார். அதை ஏற்காதோரும் உண்டு. கொள்ளை என்றே வைத்துக்கொண்டாலும் வந்த பொருள் என்ன ஆயிற்று என்னும் கேள்வி எஞ்சுகிறது. கங்கைப் படையெடுப்பின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே சோழகங்கம் என்னும் பேரேரி வெட்டப்பட்டது. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. வெற்றியை ஏரியாக்கிவிட்டால் அது ஆண்டுதோறும் வயலுக்குப் பாயும். விளையாட்டை வடிவமைத்தவர்கள் அந்த ஏரியை ஒரு பொருளாதார வசதியாகச் சேர்த்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

விளையாட்டில் அழியாத வருவாய் அறவே இல்லை என்று சொல்வது பிழையாகும். வரைபடத்தில் ஆங்காங்கே புனிதச் சின்னங்கள் சில கிடக்கும். துறவி ஒருவர் அதை எடுத்துவந்து மடத்தில் வைத்தால் நிமிடத்துக்கு 30 பொன், மடம் நிற்கும்வரை வந்துகொண்டே இருக்கும். வயலுக்கும் ஆயுள் உண்டு, சுரங்கத்துக்கும் ஆயுள் உண்டு. மடத்துச் சின்னத்துக்கு இல்லை. இடைக்காலப் பொருளாதாரத்தில் சாகாத முதல் எங்கே இருந்தது என்பதை வடிவமைப்பாளர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியாகக் குறித்துவிட்டார்கள்.

இனி ஈஜிபுரா. கோரமங்கலாவின் வாடகையைக் கொடுக்க இயலாதோர் உள்வட்டச் சாலையைத் தாண்டி இங்கே வருவார்கள். தமிழ் புழங்கும் தெருக்கள் மிகுதி. வடக்கே தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் உள்ளது. ஊரின் பழம்பெயரைத் தொம்பலூர் என்று காட்டும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்குண்டு. என் ஆய்வுக்கு உரியவை என்பதால் நான் அடிக்கடி நடந்துபோகும் இடம் அது. போகும் வழியில் மேம்பாலத்தின் தூண்கள். ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு 2017இல் தொடங்கிய பணி இடையில் நின்று, 2022இல் ஒப்பந்தம் நீக்கப்பட்டு, 2023இல் வேறு ஒப்பந்ததாரரிடம் போயிற்று. மேலே ஒன்றுமில்லாத தூண்களின் கீழே ஆண்டுக்கணக்கில் பேருந்துக்கு நின்ற பலருள் நானும் ஒருவன். விளையாட்டில் அடித்தளம் போட்டவுடன் முழு விலையும் கழிக்கப்படும். கட்டாமல் பாதியில் கைவிட்டால் கட்டாத பங்குக்குரிய பொருள் திரும்பக் கிடைக்கும். எங்கள் நால்வரில் ஒருவர் அத்தூண்களைக் கடக்கும்போதெல்லாம் அந்த ‘அழி’ பொத்தானை நினைவுபடுத்துவார்.

வீட்டுக்கும் விளையாட்டில் விலை உண்டு: 25 மரம். ஒரு வீடு ஐவருக்கு இடம் தரும். வீடு போதாவிட்டால் புதிய குடியானவர் பிறக்கமாட்டார், அவ்வளவுதான் நடக்கும். இருப்பவர் தெருவில் நிற்க நேராது. ஈஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கான அடுக்கு வீடுகள் இருந்த இடத்திலிருந்து 2013 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகம் என்பது திட்டம். வெளியேற்றப்பட்டோரில் தமிழ் பேசுவோர் பலர். எங்கள் தளத்தில் எதிர்வீட்டில் இருக்கும் அக்காவும் அவர்களில் ஒருவர்.

அக்கா சீட்டு நடத்துகிறார். இருபது பேர், ஆளுக்கு 500 ரூபாய், மாதம் 10,000. முதல் மாதச் சீட்டு நடத்துபவருக்கு. அதன்பின் மாதந்தோறும் ஏலம். அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார். 2,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 8,000 வரும்; தள்ளிய 2,000 இருபது பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஒவ்வொருவரும் 400 கட்டினால் போதும். பொறுத்திருப்பவருக்கு ஆதாயம், பொறுக்க முடியாதவருக்குப் பணம். பள்ளி திறக்கும் மாதத்தில் தள்ளு ஏறும், அறுவடைக்கு ஊருக்குப் போகும் மாதத்திலும் ஏறும். காலத்தின் விலை மாதந்தோறும் இருபது பேர் நடுவில் கூவிக் கூவித் தீர்மானிக்கப்படுகிறது. கைப்பேசி விளையாட்டின் மணியை விட இது எவ்வளவோ நேர்மையானது. தள்ளிய பணம் ஏதோ ஒரு நிறுவனத்துக்குப் போவதில்லை, தெருவுக்குள்ளேயே சுற்றுகிறது.

அக்காவின் சீட்டில் நாங்கள் சேர முடியவில்லை. காரணம் எளிது. சீட்டுக்கு மாத வருமானம் வேண்டும். எங்களுக்கு வருவது ஆய்வு உதவித்தொகை. அது மாதந்தோறும் வருவதில்லை. நான்கு மாதம், ஐந்து மாதம் வராமல் இருந்து, பின்னர் ஒருநாள் மொத்தமாக வந்து விழும். கையெழுத்து ஒன்று குறைந்தால் இன்னொரு மாதம். ஆண்டுத்தொகையைப் பார்த்தால் எங்களில் எவரும் வறியவர் அல்லர். மாதத்தைப் பார்த்தால் பலமுறை வறியவர். வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் மாதக் கணக்கில் நடப்பவை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பெங்களூரு வழக்கம் வேறு. அது கோட்டைக்குள் வைத்த 650 கல்லைப் போல, நம்முடையதுதான், ஆனால் எடுக்க முடியாது.

மிதக்கவிடாதே என்னும் விதி யாருக்குப் பொருந்தும் என்பது இங்கே விளங்குகிறது. குடியானவர் ஒவ்வொரு நடைக்கும் தவறாமல் சுமையை இறக்கும் உலகில்தான் கையிருப்பு வீண். வரவு எப்போது வரும் என்று தெரியாதவருக்குக் கையிருப்பே உயிர். அறைத்தோழர்களில் இளையவர் ஒருவர் இதை ஒருநாள் வேறுவிதமாகச் சொன்னார்: ‘நம் உதவித்தொகை குடியானவர் இல்லை அண்ணா, அது புதையல், கிடைக்கும் நாளில் கிடைக்கும்.’

விளையாட்டில் கூட்டாளிக்குப் பொருள் அனுப்ப வழி உண்டு. அதற்கும் 30 விழுக்காடு கட்டணம். நாணயச்சாலைத் தொழில்நுட்பம் கற்றால் 20, வங்கி கற்றால் கட்டணமே இல்லை. 100 அனுப்பினால் 30 காற்றில் கரையும் என்று தெரிந்தும் தோற்கும் தறுவாயில் உள்ள கூட்டாளிக்கு அனுப்புவோம். அனுப்பியது திரும்பி வராது. ஆட்டம் முடிந்தால் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது எவர் நினைவிலும் இராது. சென்ற ஆண்டின் முற்பகுதியில் ஒருநாள், இதைச் சற்று மாற்றி ஆடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. துறையில் உள்ளவர்களையும் எங்கள் வீட்டு நால்வரையும் சேர்த்துப் பதினொரு பேர். உதவித்தொகை மொத்தமாக வந்த வாரத்தில் ஆளுக்கு 4,000 போட்டோம். முதல் 44,000. வாடகை கட்ட முடியாதவர் அதிலிருந்து 6,000 வரை எடுக்கலாம். தம் தொகை வரும்போது அப்படியே திருப்பிவைக்க வேண்டும். வட்டி இல்லை, நெய்யும் இல்லை. கணக்கு எழுதும் பொறுப்பு ஆண்டுக்கு ஒருவர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க முடியாது. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் சேர்த்தே விலக்கினார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

பதினான்கு மாதங்களில் பதினேழு முறை எடுக்கப்பட்டிருக்கிறது. பதினைந்து திரும்பின. திரும்பாத இரண்டும் ஒருவருடையவை. அவர் எங்கள் வீட்டு நால்வரில் ஒருவர். ஐந்தாம் ஆண்டோடு உதவித்தொகை நின்றது. ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் எஞ்சியிருந்தன. ஏழு மாதம் இழுத்துப் பார்த்தார். பிறகு திருப்பத்தூர்ப் பக்கம் தம் ஊருக்குப் போய் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துகிறார். இரவில் இணையவழி இன்னும் எங்களோடு ஆடுகிறார். யாருக்குப் பொன் குறைந்தாலும் கேட்காமலே அனுப்புகிறார். வங்கி கற்கும் முன்பே அனுப்புகிறார். 12,000 பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை.

பேச வேண்டிய நிலை இப்போது வந்திருக்கிறது. முதல் 44,000 என்று எழுதுவதா, 32,000 என்று எழுதுவதா? பதினொருவரில் மூவர், அத்தொகையைக் கழித்து எழுதிவிடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்கிறார்கள். இருவர், கழித்தால் அடுத்தவரும் கழிவை எதிர்பார்ப்பார் என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. நான் என் பங்குக்குக் கல்வெட்டுகளைப் புரட்டினேன். சாவா மூவாப் பேராடு என்னும் தொடரை இத்தனை ஆண்டுகளாகக் கோயிலின் பக்கம் நின்றே படித்திருக்கிறோம். இடையரின் பக்கம் நின்று படித்தால் அதன் நிறம் மாறுகிறது. ஆடுகள் சாகத்தான் செய்யும். நோய் வரும், மழை பொய்க்கும். கணக்கில் மட்டும் அவை சாகா. அந்த இழப்பு முழுவதும் இடையர் தலையில் விழும். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு பெற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்கள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருப்பது அவர்களைச் சிறப்பிப்பதற்காக அன்று. முதல் அழியாமல் நிற்கிறது என்றால் அதன் அழிவை யாரோ ஒருவர் சுமக்கிறார். எங்கள் நிதியில் அந்த ஒருவர் யார் என்பதை நாங்கள் தொடங்கும்போது எழுதிவைக்கவில்லை. பதினொருவரும் சேர்ந்து சுமப்பதே சரி என்பது என் கருத்து. ஆளுக்கு 1,091 ரூபாய் வரும்.

இதை அக்காவிடம் சொன்னேன். சீட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். 2013 ஜனவரியில் வீடுகள் இடிபட்டபோது அவருடைய சீட்டு ஒன்பதாவது மாதத்தில் இருந்ததாம். இருபது பேரும் திசைக்கொருவராகச் சிதறினர். பதினான்கு பேர் எங்கெங்கிருந்தோ பேருந்து பிடித்து வந்து கட்டி முடித்தனர். ஆறு பேர் வரவில்லை. அதை அவரே தம் கம்மலை வைத்து ஈடுகட்டினார். ஆறு பெயர்களையும் அடித்தீர்களா என்று கேட்டேன்.

‘அடிக்கல தம்பி. பணத்த நான் அப்பவே மறந்துட்டேன். ஆனா பேர அடிச்சிட்டா அவங்க இந்தத் தெருவுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவாங்க? பாக்கி இருக்கற வரைக்கும் வரலாம் இல்ல.’

அந்த அறுவரில் இருவர் பல ஆண்டு கழித்து வந்தார்களாம். ஒருவர் பணத்தோடு, ஒருவர் மகளின் திருமண அழைப்பிதழோடு. இரண்டாமவரின் பாக்கி இன்னும் நோட்டில் இருக்கிறது. அக்கா பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். திருமணத்துக்குப் போய் மொய் எழுதிய தொகை அதே வரியின் ஓரத்தில், வேறு மையில்.

நிதியின் கணக்கை அடுத்த ஆண்டுக்கு எழுதுபவர் நான். வரும் ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் பதினொருவரும் கூடுகிறோம். ஒருவர் திருப்பத்தூரிலிருந்து இணையவழி. ஆளுக்கு 1,091 போட்டு முதலை 44,000 ஆக்குவது, 12,000ஐயும் அவர் பெயரையும் தனிப்பக்கத்தில் அப்படியே வைப்பது, அப்பக்கத்துக்குத் தவணையோ கெடுவோ குறிக்காமல் விடுவது ஆகிய மூன்றையும் முன்வைக்க இருக்கிறேன். கழித்தெழுத விரும்புவோரும் விரும்பாதோரும் தம் வாதங்களோடு வரலாம். இன்றைய நிலவரம்: கையிருப்பு 32,000, வெளியே 12,000. இம்மாதம் வாடகைக்குத் தேவைப்படும் ஆய்வாளர்கள் குழுவில் எழுதலாம்.